எதிர்க்கடையின் போணி

மயில்சாமியை நாச்சிமுத்து கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் தன் கடை வாசலில் ஒரு கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். அது ஷட்டரை இறக்கத் தூக்கிய கையா, எதிரே இருந்த தன்னைப் பார்த்துத் தூக்கிய கையா என்பது நாச்சிமுத்துவுக்கு இன்றுவரை தெரியவில்லை. விளக்கு வைக்கிற நேரம் அது. டவுன்ஹாலுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்தில் அந்த நேரத்துக்கு ஸ்கூட்டர்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும், நடுவில் ஒரு தள்ளுவண்டி நின்றுவிடும், எதிர்க்கடை தெரியும், மறையும், மறுபடி தெரியும். தெரிந்த ஒரு நொடியில் கை மேலே இருந்தது. அதற்குள் ஓர் ஆட்டோ வந்து குறுக்கே நின்று, ஆள் ஏறாமல் பேரம் பேசிக்கொண்டே இருந்தது. அது நகர்ந்தபோது ஷட்டர் இறங்கியிருந்தது, மயில்சாமி போயிருந்தார். மறுநாள் காலை அவர் கடை திறக்க வரவில்லை. மயில்சாமி கட்டை ஆள், ஷட்டர் அவருக்கு எட்டாது, முனையில் கொக்கி வளைத்த ஓர் இரும்புக் கம்பியை மாட்டித்தான் இழுப்பார். ஆகவே அன்றைக்குக் கையில் கம்பி இருந்திருந்தால் அது ஷட்டருக்குத் தூக்கிய கை. வெறுங்கையாக இருந்திருந்தால் தனக்கு. இவ்வளவுதான் விஷயம். ஆனால் நினைத்துப் பார்க்கிறபோது ஒரு சமயம் கையில் கம்பி இருக்கிறது, ஒரு சமயம் இல்லை. பல் தேய்க்கிறபோது வெறுங்கை. சோறு வடிக்கிறபோது கம்பி. மனசுக்கு எது வேண்டுமோ அதை அந்தக் கையில் கொடுத்துப் பார்க்கிறோம் என்று அவருக்குப் பட்டது, அப்படிப் பட்ட பிறகு இரண்டையும் நம்ப முடியாமல் போய்விட்டது.

இன்றைக்கும் வழக்கம்போல வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்து, முருகன் படத்துக்கு ஊதுபத்தி வைத்துவிட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். தலைக்கு மேலே மிக்ஸி ஜார்கள் தொங்கின. பக்கவாட்டு ஆணிகளில் குக்கர் ரப்பர்கள், கருப்பு வளையல் மாதிரி, சின்னதிலிருந்து பெரியது வரைக்கும். இன்னும் போணி ஆகவில்லை. போணி ஆகாமல் அவர் டீ குடிப்பதில்லை, அது கடை ஆரம்பித்த நாளிலிருந்து வந்த பழக்கம், யாரும் சொல்லி வந்ததில்லை. அவர் மனைவி சரோஜா இருந்தபோது கேலி செய்வாள், உங்களுக்குப் போணி ஆகாட்டி டீக்கடைக்காரிக்கும் போணி இல்லை, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்துக்கங்க என்பாள். சரோஜா போய் எட்டு வருசம் ஆகிறது, கேலி மட்டும் தினமும் காலையில் அந்த நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது. வாய் வறண்டது. நெற்றியின் இடது பக்கம் டீக்கான வலி மெல்ல ஆரம்பித்தது. ஆனால் இன்றைக்கு வலி டீக்கு மட்டுமில்லை என்பது அவருக்குத் தெரியும். நேற்று மத்தியானம் மயில்சாமியின் மகள் சுகந்தி பொள்ளாச்சியிலிருந்து போன் செய்திருந்தாள். சித்தப்பா, நாளைக்குக் காலையில கடைக்கு வர்றனுங், உங்ககிட்ட ஒண்ணு குடுக்கணும், கொஞ்சம் பேசவும் வேணுங் என்றாள். சரி அம்மிணி என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கொடுக்கணும் என்றால் என்ன. பேசணும் என்றால் என்ன. காரியம் முடிந்து மூன்று மாசம் கழித்து ஒரு பெண் அப்பாவின் எதிர்க்கடைக்காரரிடம் வந்து பேசுவதற்கு என்ன இருக்கிறது. உங்களாலதான் எங்கப்பா போயிட்டாரு என்று சொல்லலாம். அதைத் தவிர வேறு எதையும் அவரால் யோசிக்க முடியவில்லை. சாலையில் பச்சை நிறத்தில் எது வந்தாலும் சேலையாகத் தெரிந்தது, சுகந்தி என்ன நிறத்தில் கட்டிவருவாள் என்று தெரியாமலேயே.

என்ன பதில் சொல்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்ததை இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தார். அம்மிணி, நானும் உங்கப்பனும் ஒரே வருசத்தில் கடை போட்டோம். அதிலிருந்து ஆரம்பிக்கலாமா. ஒரே சரக்கு, எதிரெதிர் வாசல். முதல் வருசம் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததெல்லாம் உண்மைதான். பிறகு ஒரு நாள் மத்தியானம் ஆகப்போகிறது, நாச்சிமுத்துவுக்குப் போணி ஆகவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எதிர்க்கடையிலிருந்து ஓர் அம்மாள் கையில் ஜாரோடு நேராக வருகிறாள். உங்ககிட்டத்தான் நல்ல பிளேடு இருக்குதாமே, அந்தக் கடைக்காரரே சொன்னாருங்க என்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் மயில்சாமி அங்கிருந்து கத்துகிறார். ஏ நாச்சி, உன்ற மூஞ்சியப் பாத்தா எனக்கு யாவாரம் ஓட மாட்டேங்குது, மொதல்ல டீயக் குடி என்கிறார். அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. இந்தப் பக்கம் போணி ஆகவில்லையென்றால் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வருவார். அந்தப் பக்கம் ஆகவில்லையென்றால் இங்கிருந்து ஒருவரை அனுப்புவார், இந்த சைஸ் என்கிட்ட இல்லீங்க, எதிர்ல இருக்கும் என்று, அந்த சைஸ் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போதே. முதல் போணிக்கு மட்டும்தான் இந்த மரியாதை. அதற்கப்புறம் வருகிற ஆளைக் கைதட்டி இழுப்பதும், அவர் கடையில் பிளேடு ரெண்டே நாளில் மழுங்கிவிடும் என்று இவர் சொல்வதும், இவர் கடையில் ரப்பர் நாறும் என்று அவர் சொல்வதும் நடக்கும். சாயங்காலம் டீக்கடை பேபியக்கா இரண்டு கிளாஸையும் ஒரே பலகையில்தான் வைத்துவிட்டுப் போவாள். ஏணி, மிக்ஸி கப்ளர் கழற்றுகிற ஸ்பேனர், ஷட்டர் கம்பி எல்லாம் இரண்டு கடைக்கும் ஒன்றுதான், சாலைக்கு நடுவே போய்ப் போய் வரும். போட்டி இருந்தது அம்மிணி, இல்லையென்று சொல்ல மாட்டேன், ஆனால் போட்டிக்கு ஒரு முகம் இருந்தது, அதை எட்டிப் பார்த்தால் தெரியும். இப்படிச் சொல்லலாமா. சொன்னால் அவள் சிரிப்பாளா, அழுவாளா. இல்லை, அப்புறம் ஏனுங் ரெண்டு வருசம் எங்கப்பாகிட்டப் பேசல என்று கேட்பாளா. கேட்பாள். அதைத்தான் கேட்பாள்.

ஆன்லைனில் விற்கிற கம்பெனியின் பையன் வந்தது ஒரு மழை நாளில். டை கட்டியிருந்தான், டை நனைந்திருந்தது. அதற்கு முன்பே இரண்டு பேரும் அந்தக் கம்பெனியின் செயலியில் சரக்குப் போட்டு விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள், சந்தில் ஆள் குறையக் குறைய வேறு வழி இருக்கவில்லை. நாச்சிமுத்து பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. ஆங்கில எழுத்தையே மிக்ஸி அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர், அதே மாதிரி தொட்டுத் தொட்டுப் போனையும் கற்றுக்கொண்டார். பையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினான். இதைத் தட்டி வச்சுட்டீங்கன்னா, இதே பொருளை வேற யார் குறைச்சுக் குடுத்தாலும் உங்க விலை தானா அதுக்கும் கீழ வந்துரும் சார், நீங்க தூங்கும்போதும் இது முழிச்சிருக்கும் என்றான். நாச்சிமுத்து யோசித்தார். எதிர்க்கடை அண்ணன் போட்டுட்டாருங்க சார் என்றான் பையன். உடனே தட்டினார். போகும்போது வாசலில் குடையை விரித்தபடி அவன் இன்னொன்றும் சொன்னான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க சார், விலையைப் பத்தி நீங்க விக்கறவங்களுக்குள்ள பேசி வச்சுக்கக் கூடாது, சட்டப்படி தப்பு, கணக்கை முடக்கிருவாங்க. பேசினா எப்படித் தெரியும் என்று நாச்சிமுத்து கேட்டார். பையன் சிரித்தான், அதெல்லாம் தெரிஞ்சிரும் சார். அவன் போனபிறகு நாச்சிமுத்து மேசைமேல் கிடந்த போனைப் பார்த்தார். அதுவும் தன்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது. மறுநாள் மயில்சாமி சாலையைக் கடந்து வந்தவர், வாயைத் திறக்குமுன் உதட்டில் விரலை வைத்தார். மேசைமேல் இருந்த போனை எடுத்து மஞ்சப் பைக்குள் போட்டு, பையை மூன்று சுற்றுச் சுற்றி, ரப்பர் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, அப்புறம் நல்ல மழையப்பா என்றார். ஆமாங்ணா, நல்ல மழை என்றார் இவர். இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசினார்கள். அதுகூட எங்கே போய் முடியுமோ என்று பயமாக இருந்தது. மழை என்றால் சரக்கு, சரக்கு என்றால் விலை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. விலையைப் பேசக் கூடாது என்றால் விலையை மட்டும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருசத்தில் விலையை விட்டுவிட்டு எதையாவது பேசியிருக்கிறோமா என்று பார்த்தால், தங்கச்சி கல்யாணம், தலைவலி, தேர்தல், எல்லாமே விலையில் ஆரம்பித்துத்தான் வந்திருக்கிறது. நூலின் நுனியை வெட்டிவிட்டால் மீதியைப் பிடித்து இழுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ராத்திரிகளில் விலை இறங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்து போனைப் பார்த்தால் மயில்சாமி கடையின் ஐந்து லிட்டர் குக்கர் ரப்பர் இவருடையதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கும். சற்று நேரத்தில் இவருடையது அதற்கும் கீழே போய்விடும். மத்தியானம் பார்த்தால் அவருடையது இன்னும் கீழே. இதில் ஒரு விநோதம், தன்னுடைய விலை தானாக இறங்குகிறது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும், பொத்தான் இறக்குகிறது என்று தெரியும், ஆனால் மயில்சாமியுடையது மட்டும் மயில்சாமியே உட்கார்ந்து இறக்குகிற மாதிரித்தான் தோன்றியது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இருட்டில் போனின் வெளிச்சம் முகத்தில் அடிக்க, நாச்சி என்ன போட்டிருக்கான் என்று பார்த்து ஒரு விரலால் குறைக்கிற மயில்சாமி. அந்த முகம் அவருக்கு அத்தனை தெளிவாகத் தெரிந்தது. பகலில் எதிரே ஜாருக்கு மூடி மாட்டிக் காட்டிக்கொண்டிருந்த முகத்தைவிட இதுதான் உண்மையான முகம் என்று நம்பினார். ஒரு முறை ஏணி வேண்டியிருந்தது, அது அந்தப் பக்கம் இருந்தது, கேட்காமல் நாற்காலிமேல் ஏறினார். ஒரு நாள் பேபியக்கா இரண்டு கிளாஸைத் தனித்தனியாக வைத்துவிட்டுப் போனாள், அவளாகவே. பிறகு பட்டியலின் உச்சியில் நீலப் பெட்டியில் ஒரு குக்கர் ரப்பர் வந்தது. கம்பெனியின் சொந்தச் சரக்கு. அது இரண்டு பேருக்கும் ஒரு படி கீழேயே இருந்தது, எப்போது பார்த்தாலும். இரண்டு கடையும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டன, அங்கே விரலைத் தள்ளிப் பார்க்கிறவர்கள் யாருமில்லை. அப்போதாவது போய்ப் பேசியிருக்கலாம். அந்த வாரம் காய்ச்சல், அடுத்த வாரம் கோபம், அதற்கடுத்த வாரம் ஏன் போகவில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

வாசலில் ஒரு பெண் நின்றாள், எழுந்தார். அவள் கேட்டது வேறு கடைக்கு வழி. மறுபடி உட்கார்ந்தார். டீ இல்லாத வலி வலது பக்கத்துக்கும் போயிருந்தது. முன்பெல்லாம் இப்படி ஆள் வராத நாளில் போன் ஒரு சத்தம் போடும், பார்த்தால் பொள்ளாச்சி பரிமளாவின் ஆர்டர். இந்தப் பரிமளா யாரென்று நாச்சிமுத்துவுக்குத் தெரியாது. எப்போதும் ஐந்து லிட்டர் குக்கர் ரப்பர், எப்போதும் ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஒரு தடவை வரும், சில வாரம் இரண்டு தடவை. முதலில் மெஸ் நடத்துகிறவள் என்று நினைத்தார். மெஸ்ஸுக்கு ஐந்து லிட்டர் போதாதே என்று தோன்றியதும், பிள்ளைகள் நிறைய உள்ள வீடு என்று மாற்றிக்கொண்டார். ரப்பரை இப்படித் தின்கிற குக்கரை அவர் பார்த்ததில்லை. மூடியைச் சூட்டோடு தண்ணீரில் காட்டுகிறாள் என்று முடிவு செய்து, ஒரு தடவை பொட்டலத்துக்குள் ஒரு துண்டுக் காகிதம் எழுதிப் போட்டார், மூடியை ஆறவிட்டுக் கழுவுங்கள், ரப்பரைத் தனியாகக் கழற்றிக் காயவையுங்கள், ஒரு வருடம் உழைக்கும் என்று. எழுதிப் போட்ட பிறகு தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்வதாகப் பட்டது, இருந்தாலும் சரக்குக்குக் கெட்ட பேர் வரக் கூடாது. காகிதம் போய்ச் சேர்ந்த பிறகும் அடுத்த வாரம் பரிமளாவிடமிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. இப்போது அவளும் வாங்குவதில்லை. நீலப் பெட்டிக்கு மாறியிருப்பாள்.

ஆனால் அந்த விலை. மயில்சாமியைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்த மறுநாள் காலை, கை பழக்கத்தில் போனை எடுத்துப் பார்த்தார். மயில்சாமி கடையின் ரப்பர் இறங்கியிருந்தது. ராத்திரியில். அந்த மனிதர் சாம்பலாகி ஒரு ராத்திரிகூட முடியவில்லை. நாச்சிமுத்து போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எதிர்க்கடையின் மூடிய ஷட்டரைப் பார்த்தபடி நின்றார். கண்ணாடி மாட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்த அந்த முகம் அப்போதுதான் அவர் கண்ணிலிருந்து போனது, ஒரேயடியாக. அப்படி ஒரு முகம் இருந்ததே இல்லை. அப்படியானால் இரண்டு வருசம் தான் யாரிடம் கோபமாக இருந்தோம். அன்றைக்கே தன் பொத்தானை அணைத்தார். ஆனால் அணைக்க முடியாதது வேறொன்று. மயில்சாமிக்கு இது தெரியுமா. இல்லை, அவரும் இருட்டில் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு நாச்சிமுத்துவைப் பார்த்துக்கொண்டேதான் போனாரா. எழவு வீட்டில் அவர் மனைவி தேவாத்தாள் இவரை ஒரு பார்வை பார்த்தாள். கடைசி வரிசையில் நின்றிருந்தவரைத் தேடி வந்து நிலைத்து, நகராமல் நின்ற பார்வை. அந்தப் பார்வையைத்தான் மகள் இன்று வாயால் சொல்ல வருகிறாள்.

எதிர்ப்பக்கம் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. மூன்று மாசமாகக் கேட்காத சத்தம், உடம்பு தானாக நிமிர்ந்தது. சுகந்திதான். பச்சையில்லை, காவி நிறச் சுடிதார். குனிந்து கீழே கை கொடுத்துத் தூக்கிவிட்டு உள்ளே போனாள். இருட்டுக்குள் ஏதோ இழுபடுகிற சத்தம் வந்தது. வெளியே வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு பெரிய கட்டைப் பைகள் புடைத்துக்கொண்டு தொங்கின. சாலையைக் கடந்து வந்தாள். நாச்சிமுத்து எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வா அம்மிணி. உக்காரு."

"ஏனுங் சித்தப்பா, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? சமையல் பண்றீங்களா, ஓட்டல்லயா?" என்று கேட்டபடி அவள் பைகளை மேசைமேல் வைத்தாள்.

"நானேதான். இது என்ன அம்மிணி?"

"உங்க சரக்குதானுங்."

பையின் வாயைப் பிரித்தாள். உள்ளே பழுப்புக் காகிதப் பொட்டலங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றுகூடப் பிரிக்காமல். ஓரத்தை இரண்டு முறை மடித்து ஒட்டியிருந்தது, அது சரோஜா சொல்லிக்கொடுத்த மடிப்பு, அவரைத் தவிர அந்தச் சந்தில் யாரும் அப்படி மடிப்பதில்லை. ஒன்றை எடுத்துத் திருப்பினார். அவர் ஒட்டிய சீட்டு. பரிமளா, பொள்ளாச்சி.

"பரிமளாக்கா எங்க கீழ் வீட்டுல குடியிருக்கறவங்க. எங்க பேருல போட்டா உங்களுக்குத் தெரிஞ்சிருமுன்னு அவுங்க பேருல போடச் சொன்னாருங் அப்பா" என்றாள் சுகந்தி. "காலையில போன் பண்ணுவாரு. அம்மிணி, நாச்சிக்கு இன்னும் டீ வரல, ஒண்ணு போடும்பாரு. அவ்வளவுதான் பேசுவாரு. நானும் போடுவேன். ஊருக்கு வர்றப்பெல்லாம் கொண்டாந்து குடுத்துருவேன், கடைப் பரண்ல எடுத்து வெச்சுட்டாரு."

நாச்சிமுத்து பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். இங்கே மேசைமேல் டீ கிளாஸ் இருக்கிறதா இல்லையா என்பது எதிர்க்கடையிலிருந்து நன்றாகத் தெரியும். அத்தனை வருசமும் தெரிந்துதான் இருந்தது.

"விக்கறதுக்கு அவர்கிட்டயே இல்லாத சரக்கா இது" என்றார்.

"நானும் அதத்தானுங் கேட்டேன். எடுத்து வித்துருங்கப்பான்னேன். அது நாச்சி சரக்கு, நான் எதுக்கு விக்கோணும்னாரு. அப்ப நேர்ல போய்ப் பேசிருங்கன்னா, அந்தக் கம்பெனிப் பையன் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கான், நாச்சி கணக்கை முடக்கிருவாங்க அப்படீன்னாரு." சுகந்தி சிரித்தாள், அப்பாவின் குரலை அப்படியே எடுத்தாள். "பேசத்தான அம்மிணி கூடாது, வாங்கக் கூடாதுன்னு அவன் சொல்லலையே."

"அந்தப் பொத்தான்" என்றார் நாச்சிமுத்து. "வெலை எறங்குனதெல்லாம் நானுன்னு நெனச்சாராக்கும்."

"அப்பாகிட்டயும் அந்தப் பையன் வந்து, எதிர்க்கடை அண்ணன் போட்டுட்டாருன்னுதான் போட வெச்சிருக்கான். மொத வாரம் நெனச்சாருங், பொய் சொல்லக் கூடாது. திட்டுனாரு. அப்புறம் அவரே சொன்னாரு, நாச்சி ஒம்போது மணிக்குப் படுத்தா கோழி கூப்புடத்தான் எந்திரிப்பான், நடுராத்திரியில எந்திரிச்சு வெலை கொறைக்கற சாமர்த்தியம் அவனுக்கு இருந்திருந்தா நான் என்னைக்கோ கடைய மூடியிருப்பேன்னு. அவரு போனப்பறம் கடையை ஆப்புல இருந்து எடுக்கோணும்னு எனக்குத் தோணவே இல்லீங். அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்திருக்குது."

"அம்மிணி, அவரு இந்த வருத்தத்துலதான்..."

"எந்த வருத்தமுங்? டாக்டர் ரெண்டு வருசமா உப்பக் கொறைங்கன்னு சொல்லிட்டிருந்தாரு. அன்னைக்கு ராத்திரிகூட அப்பளம் ரெண்டு கேட்டு வாங்கித் தின்னாருன்னு அம்மா இன்னும் புலம்பிட்டிருக்குது."

"உங்கம்மா அன்னைக்கு என்னைய ஒரு பார்வை பாத்தாங்க."

"யாரையுங், உங்களையா?" என்றாள் சுகந்தி. "அம்மாவுக்குக் கண்ணுல புரைங் சித்தப்பா. போன மாசந்தான் ஆபரேசன் ஆச்சு. அன்னைக்கு என்னையவே யாருன்னு கேட்டுச்சு. ஆனா ஒண்ணு சொல்லோணும். ஒரு தடவை ஒரு பொட்டலத்த மட்டும் நான் பிரிச்சுட்டனுங், உள்ளார ஒரு காகிதம். அப்பாகிட்டப் படிச்சுக் காட்டுனேன். அவரு சிரிச்ச சிரிப்பு இருக்குதே. முப்பது வருசமா ரப்பர் விக்கற எனக்கே குக்கர் கழுவச் சொல்லித் தர்றான் பாரு நாச்சி, அதுவும் சரியாத்தான் எழுதியிருக்கான்னாரு. அத மடிச்சு ஒரு வாரம் சட்டைப் பையிலயே வெச்சிருந்தாரு."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். துக்கம் வரும் என்று நினைத்தார், அதற்கு இடம்விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வந்தது வேறு, மூன்று மாசமாக நெஞ்சின் குறுக்கே கட்டியிருந்த எதையோ யாரோ அவிழ்த்துவிட்டது மாதிரி ஒரு மூச்சு. அதோடு ஒரு சின்ன வெட்கமும் இருந்தது, இரண்டு வருசமும் தன் டீயை யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், தான் ஒரு நாள்கூட எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று. அந்த வெட்கம் இருந்துவிட்டுப் போகட்டும், அதைச் சுமக்க முடியும். பரிமளாவை நினைத்தார், நிறையப் பிள்ளைகளோடு தான் மனசுக்குள் கட்டிக்கொடுத்த வீட்டில் மூடியைச் சூட்டோடு கழுவிக்கொண்டிருந்தவளை. இனிமேல் அந்த வீட்டில் மயில்சாமிதான் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

"ஏனுங்க, அஞ்சு லிட்டர் குக்கருக்கு ரப்பர் இருக்குதுங்களா?"

வாசலில் ஒருவர் பழைய ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆணியில் கை வைக்கப்போன நாச்சிமுத்து நிறுத்திக்கொண்டார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஓரத்தைக் கிழித்தார். பவுடர் தூவி வைத்திருந்ததால் ஒட்டாமல் வந்தது. பழையதோடு வைத்து அளந்து, விரலால் இழுத்துப் பார்த்தார், இழுத்த இழுப்புக்குப் போய்த் திரும்பியது. வந்தவர் வாங்கிக்கொண்டு போனார். போணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நாச்சிமுத்து தெருமுனையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பேபியக்கா, ரெண்டு."

"ரெண்டா?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"ரெண்டுதான். ஒரே பலகையில கொண்டாங்க."

டீ சூடாக இருந்தது. சுகந்தி ஊதி ஊதிக் குடித்தாள், அவள் அப்பாவும் அப்படித்தான் குடிப்பார், அதையும் இவர் மறந்திருந்தார். நெற்றியின் வலி இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்கியது. கடையை ஒரு மொபைல் ரிப்பேர் பையனுக்கு வாடகைக்கு விடப்போவதாக அவள் சொன்னாள். நல்லது, ஷட்டர் திறந்திருக்கட்டும் என்றார். குடித்து முடித்துக் கிளம்பியவள் சாலையைக் கடந்து போய் ஷட்டருக்குக் கை நீட்டினாள். எட்டவில்லை. எம்பினாள், அப்போதும் எட்டவில்லை. அப்பாவின் உயரம்தான். அங்கிருந்தே திரும்பிக் கேட்டாள்.

"சித்தப்பா, உங்ககிட்டக் கம்பி இருக்குதுங்களா?"

"எந்தக் கம்பி?"

"ஷட்டர் கம்பிதானுங். இங்க ரெண்டு வருசமா இல்லீங்களே. அப்பா ஸ்டூல் போட்டு ஏறித்தான் எறக்குவாரு. வெளியில கெடந்த ஸ்டூலைக் காரியத்தப்பவே வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்."

இரு அம்மிணி என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து உள்ளே திரும்பினார். இவர் கடைக்கு ஸ்பிரிங் வைத்த புது ஷட்டர் போட்டு வருசம் இரண்டுக்கு மேல் ஆகிறது, கம்பி இவருக்குத் தேவைப்படவே இல்லை, கடைசியாக வாங்கிவந்ததைத் திருப்பிக் கொடுத்த ஞாபகமும் இல்லை. அந்தச் சாயங்காலம் கை மேலே இருந்தபோது மயில்சாமி தரையில்தான் நின்றிருந்தார், ஸ்டூல்மேல் இல்லை, ஆட்டோ வருகிற வரைக்கும் அவர் செருப்புகூடத் தெரிந்தது. நாச்சிமுத்து அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். கதவுக்குப் பின்னால், சுவரோடு சாத்தி வைத்தபடி, கம்பி இருந்தது. கொக்கியில் துரு ஏறியிருந்தது, பிடியில் மயில்சாமி சுற்றிய சைக்கிள் டியூப் அப்படியே இருந்தது.